வண்டியின் பின்பாதி

என் சின்னம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்ததற்கு அவர் கட்டியிருந்த சேலைதான் காரணம் என்று எங்கள் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், மொத்தமும் நம்புகிறது. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். காரணம் நான். என் கிளாசிக் 350-இன் பின் மட்கார்டை வெட்டி, பின்னால் உட்காருகிறவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டைக் கழற்றிப் போட்டவன் நான். அதை மறைத்து, பழியை அவர் மேலேயே விட்டுவைத்தவனும் நான். இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் வண்டியில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் கோவை கணபதிக்காரன். ஃபவுண்டரி, லேத், பம்ப்செட் என்று இரும்பைச் சுற்றியே பிழைக்கிற பகுதி அது. அப்பா மோல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் ஒரு சாமான் உடைந்தால் புதிதுக்கு அலைய மாட்டோம். அளவெடுத்து நாங்களே செய்துகொள்வோம். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது. வண்டியை வெட்டப் போகிறேன் என்றபோது நண்பர்களிடம் நான் வைத்த வாதமே அதுதான். ஜி.டி.நாயுடு ஊர்க்காரன் கம்பெனி கொடுத்ததை அப்படியே ஓட்டுவானா என்று கேட்டேன்.

அவர் பெயரை அங்கே இழுத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். 1893-இல் கலங்கலில் பிறந்த நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ருட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகப் பிரித்தார், திரும்பப் பூட்டினார். எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பிரித்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர் அந்தக் கைப்பழக்கம் உள்ளவர். நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. மட்கார்டு எதற்கு இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டியின் அழகை அது கெடுக்கிறது என்று மட்டும் முடிவு செய்தேன்.

கிளாசிக் 350 நம் நாட்டில் 2009-இல் விற்பனைக்கு வந்தது. ஐம்பதுகளின் இங்கிலாந்து வண்டிகளைப் போல உருண்டு திரண்ட உருவம். பின் மட்கார்டு நீளமாக இறங்கி டயரைப் பெருமளவு மூடியிருக்கும். என் மனதில் இருந்ததோ பாபர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கனமான வண்டிகளின் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, எடையைக் குறைத்து ஓட்டிய வழக்கத்திலிருந்து வளர்ந்த பாணி அது. அந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை இருக்கைதான். பின்னால் ஆள் கிடையாது. என் வண்டியில் அம்மா உட்காருவார், அக்கா உட்காருவார், ரேஷன் கடைக்குப் போய்விட்டு வரும் பக்கத்து வீட்டு ஆத்தா உட்காருவார். மூவருமே சேலை. மூவருமே இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்காருகிறவர்கள். என் வண்டியில் செயின் ஓடுவதும் அந்த இடப்பக்கம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது படங்களை.

பட்டறைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் கேட்டார்: “பின்னாடி லேடீஸ் உக்காருவாங்களாங்ணா?” நான் சொன்னேன்: “இல்லீங்க, நான் மட்டுந்தான்.” பின் இருக்கையைக் கழற்றாமல் விடச் சொன்னவனும் நானே. அவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

மட்கார்டின் மேல் காகித டேப் ஒட்டிக் கோடு போட்டு வெட்டினோம். டெயில் லைட்டை மேலே ஏற்றி, விரல் நீளத்துக்கு எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்தினோம். இண்டிகேட்டர்கள் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கின. நம்பர் பிளேட் இருக்கைக்கு அடியில் மேலே பார்த்தபடி ஒளிந்துகொண்டது. சிவப்பு ரிஃப்ளெக்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். ஒயரிங்கை அறுத்து, புதிய விளக்குகளோடு முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றினோம். கடைசியாக சாரி கார்டு. சில போல்ட்டுகள்தான், கழன்று வந்துவிட்டது. வண்டி எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. கணபதி வரைக்கும் கண்ணாடியில் பின்னால் வருகிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்து, வெட்டிய விளிம்பில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். “ஓரத்த மடிச்சு விட்டதே பலத்துக்குத்தான்டா. அத வெட்டிப் போட்டா தகடு நடுங்கும்.” அவ்வளவுதான் சொன்னார். தகட்டை ஓரத்தில் மடித்தால் விறைப்பு வரும். மடிப்பு போனால் அதே தகடு அதிரும். ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு அதற்கு ஓயாமல் கிடைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் போல்ட் துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. அப்பாவுக்குத் தெரியாமல் வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்து மூடினேன். மறைக்கும் பழக்கம் சின்னம்மாவிடமிருந்து தொடங்கவில்லை.

கோவையின் மழை இரண்டு வகை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றோடு தூறும் சாரல், அக்டோபர், நவம்பரில் கொட்டுகிற மழை. இரண்டிலும் மட்கார்டு என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்துபோனது. சுழலும் டயர் தண்ணீரை மேலே தூக்கி எறிகிறது. மட்கார்டு அதைத் தடுத்துக் கீழே தள்ளுகிறது. அது இல்லாவிட்டால் பாதி என் முதுகுக்கு, மீதி பின்னால் வருகிறவருக்கு. என் சட்டை முதுகில் விழுந்த சேற்றுக் கோட்டை நான் பெருமையாகவே நினைத்தேன். தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு காலை, எக்ஸ்.எல். மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த பெரியவர் டீக்கடையில் வண்டியை நிறுத்தி என்னிடம் வந்தார். முகமெல்லாம் சேறு. “ஏந்தம்பி, உங்க வண்டிக்குப் பின்னாடி வரவே முடியலீங்க. சேறு பூரா மூஞ்சிலதான் அடிக்குது. அந்தத் தகரம் எங்கீங்க போச்சு?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி வாங்க என்று சொன்னேன்.

மழைத்தண்ணீர் கறுப்பு டேப்புக்குள் புகுந்து, ஓர் இரவு வாளையார் பக்கமிருந்து வரும்போது பின் விளக்கு மொத்தமாக அணைந்துபோனது. லாரிகள் ஓடும் சாலை. விளக்கு அணைந்தது எனக்குத் தெரியாது; ஓட்டுகிறவனுக்கு அது தெரிய வழியில்லை. பின்னால் வந்த கார்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து கத்திச் சொன்னார். ரிஃப்ளெக்டராவது இருந்திருந்தால் லாரிக்காரரின் முகப்பு வெளிச்சத்தில் மின்னியிருக்கும். அதுவும் இல்லை.

மட்கார்டு, பின் விளக்கு, ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட், சாரி கார்டு. இவற்றில் ஒன்றுகூட ஓட்டுகிறவனுக்காக மட்டும் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஹேண்டில்பாரும் பிரேக்கும் என் கைக்கு. வண்டியின் பின்பாதி முழுக்கப் பின்னால் உட்காருகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் உரியது. காசு கொடுத்து வாங்கியவன் நான் என்பதால் அதையும் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன்.

செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஓடுகிற பந்தய வண்டிகளில் விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, பின் இருக்கையும் கிடையாது. அது சரிதான். அங்கே யாரும் முந்தானையோடு பின்னால் உட்காரப் போவதில்லை. பால் கேனோடு பின்னால் யாரும் வரப் போவதில்லை. நண்பர்களோடு அந்தத் தடத்தில் பந்தயம் பார்த்துவிட்டு வந்து என் வண்டியோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட இந்த வேறுபாடு என் வாயில் வரவில்லை.

இனி சின்னம்மா.

அம்மாவின் தங்கை. சோமனூரில் இருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. அங்கே கூலி ஷிப்டுக் கணக்கு. ஒன்றரை ஷிப்டு பார்த்தால் ஒன்றரை ஷிப்டுக்குக் காசு, போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை. அவர் கைதான் அந்த வீட்டின் வாடகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி நால்ரோடு வரை அவரைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட வேண்டியிருந்தது. வண்டியைப் பார்த்ததும், “என்ன கண்ணு, பொறகால ஒண்ணையும் காணோம்?” என்றார். புது மாடலுங்க சின்னம்மா என்றேன். அவர் முந்தானையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதை நான் பார்த்தேன் என்பதுதான் இதில் முக்கியம்.

வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப் போட்டது. சொருகல் அவிழ்ந்திருக்க வேண்டும். மெல்லிய சேலை, எதிர்காற்று. அப்புறம் நடந்ததைக் கணக்காகத்தான் என்னால் சொல்ல முடிகிறது. 18 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உருளும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு நான்கு தடவை சுற்றுகிறது. துணி நுனி ஸ்போக்கிலோ செயின் ஸ்பிராக்கெட்டிலோ மாட்டினால், உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் துணி சுற்றிக்கொண்டுவிடும். அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வண்டி பின்னுக்கு இழுத்தது மட்டும் தெரிந்தது. தோளில் குத்தியிருந்த ஊக்கு சேலையைக் கிழித்துக்கொண்டு பிய்ந்தது. அது பிய்யாமல் இருந்திருந்தால் இழுபட்டிருப்பது அவர் கழுத்து. 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் அப்படித்தான் செத்தார். கழுத்தில் போட்டிருந்த நீளத் துணி ஓடும் காரின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

சின்னம்மா இடது கையை ஊன்றித் தார் ரோட்டில் விழுந்தார். பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்த பெண்கள் துண்டைப் போர்த்தி அவரைத் தூக்கினார்கள். செயினில் சுற்றிய சேலையை நான் கத்தரியால் வெட்டி எடுத்தேன். பச்சையில் சின்னப் பூப்போட்ட சேலை. கிரீஸ் படிந்து பாதி கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. “சேலையச் சரியாச் சொருகலைங்க சார்” என்றேன். எலும்பு கூடுமா என்றுகூட அதற்குள் நான் கேட்டிருக்கவில்லை. முதலில் என் வாயிலிருந்து வந்தது அந்த வாக்கியம். சித்தப்பா வந்து சேர்ந்ததும் அதையே அவரிடமும் சொன்னேன். அவர் மாவுக்கட்டுக் கையோடு படுத்திருந்தவரைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், ஒரு சேலையைக்கூடப் பிடிச்சு உக்காரத் தெரியாதா என்று திட்டினார். அம்மாவும் சேர்ந்துகொண்டார். சின்னம்மா என்னைப் பார்த்து, “உன்ற மேல ஒண்ணும் தப்பில்ல கண்ணு, நாந்தான் முந்தானைய விட்டுட்டேன்” என்றார். வீட்டில் அப்பா ஒருவர்தான் என்னிடம் எதுவும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கட்டுப் பிரித்த பிறகும் அந்த மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஓட்டை, தையல் விட்டது, கறை பார்த்து மடித்துப் போடுவதுதான் செக்கிங் வேலை. வேகம் குறைந்தால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டானது. ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். தங்கமான பையன் என்று ஒறம்பரையில் பேர் வாங்கினேன். அந்தப் பேரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, மோட்டார் சைக்கிள் தயாரிக்கிறவர் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கப் படியும் தர வேண்டும் என்கிறது. கூடவே, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஒன்றும் வேண்டும். பின்னால் இருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக என்று காரணத்தையும் அந்த விதியே சொல்கிறது. சாரி கார்டு நம் வண்டிகளில் இருப்பது இதனால்தான். நம் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள், எதை உடுத்துகிறார்கள் என்று யாரோ யோசித்து எழுதிய வரி அது. நான் அதை அழகில்லை என்று கழற்றினேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் இதுபற்றி எழுந்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. வழியில் போலீஸ் என்னை நிறுத்தியதே இல்லை. நிறுத்தியிருந்தால் கட்டியிருப்பேன், கட்டிவிட்டு அப்படியே ஓட்டியிருப்பேன். அபராதத்துக்குப் பயந்து திருந்துகிற ஆளாக நான் அப்போது இல்லை.

வண்டியைப் பழையபடி ஆக்கியதையும் திருட்டுத்தனமாகவே செய்தேன். வேறு ஒரு பட்டறையில் புது மட்கார்டு, பழைய மாதிரி டெயில் லைட், ரிஃப்ளெக்டர் எல்லாம் போட்டேன். சாரி கார்டை எங்கே எறிந்தேன் என்று நினைவில்லை, அதனால் உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினேன். ஒரு கடையின் மூலையில் சாரி கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சிலவற்றில் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. புது வண்டி எடுத்த கையோடு கழற்றியவை. அந்தக் குவியலில் என்னைப் போன்ற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆனாலும் உடனே எழுதவில்லை. வண்டி ஏன் மறுபடி மாறியது என்று நண்பர்கள் கேட்டார்கள். சலித்துவிட்டது என்றேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சோமனூர் போய் சின்னம்மாவிடமும் சித்தப்பாவிடமும் சொன்னேன். மட்கார்டு, சாரி கார்டு, பட்டறைக்காரர் கேட்டது, நான் பதில் சொன்னது, அவர் முந்தானையைச் சொருகியதை நான் பார்த்தது, எல்லாவற்றையும். சித்தப்பா எழுந்து பொடக்காலிப் பக்கம் போய்விட்டார். சின்னம்மா கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “கை போனது போகுது கண்ணு. அன்னைக்கே நீ சொல்லியிருந்தீன்னா, அத்தன பேர் முன்னால உங்க சித்தப்பா என்னைய அப்படிப் பேசியிருக்க மாட்டாரு.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டியைத் தன் ரசனைக்கு மாற்றிக்கொள்கிறவர்களை நான் வெறுக்கவில்லை. கைப்பிடி ரப்பரை மாற்றுங்கள், இருக்கைக்கு நல்ல உறை தைத்துப் போடுங்கள், டேங்குக்குப் பாலிஷ் போட்டு மினுக்குங்கள். பின்பக்கம் கை வைப்பதற்கு முன், உங்கள் பின்னால் உட்காருகிறவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். சாரி கார்டு சில போல்ட்டுகளில் நிற்கிற பாகம். ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம்.